ஓடைப் புறம்போக்கு

ஐப்பசி மழைக்கு மறுநாள்
தொட்டல்லா இடம் மாறிப் படுத்திருந்தது.
நேற்றுவரை மாதேவன் கரையில் நின்ற புங்கமரம்
இன்று முனிரத்னம்மாவின் கொள்ளுக்காட்டு ஓரம்.
மரம் ஓரடியும் நகரவில்லை.

அஞ்செட்டி சர்வேயர் வரைபடத்தை விரித்தார்.
அதில் ஓடை, ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.
“தண்ணி தப்பான இடத்துல போகுது” என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஆடொன்று வந்து
சங்கிலியின் மறுமுனையை முகர்ந்தது.

இந்தக் கரை கன்னடத்தில் திட்டியது,
அந்தக் கரை தெலுங்கில்.
மனுவுக்கு மட்டும் தமிழ்.
இரண்டு மனுவையும் எழுதியவன் நான்தான்,
ஒரே பேனா, ஆளுக்கு இருபது ரூபாய்.
‘மேற்படி ஓடை’ என்று
ஏழு இடத்தில் எழுதினேன்.
மேற்படி ஓடை கேட்டுக்கொண்டே போனது.

சாயங்காலம் பால் சொசைட்டி மணி.
சொசைட்டி மாதேவன் பக்கம்,
மாடு முனிரத்னம்மா பக்கம்,
நடுவில் இடுப்பளவு செந்நீர்.
அவள் கேனோடு இறங்கியதும்
மாதேவன் லுங்கியை மடித்துக் கட்டினார்.
பேச்சு இல்லை.
கேனின் ஒரு காதை இவர் பிடித்தார்.

இருட்டும்போது என் வாசலில் நின்றார்,
சட்டைப்பையில் கூழாகிப்போன மனு.
மறுபடி எழுதணுமாம்.
இருபது ரூபாயும் ஈரம்.
“எல்லாத்தையும் எழுது,
அந்த மரத்தை மட்டும் விட்டுடு.”