என்ன குடி

இரத்த வங்கியில் எனக்கு இரவுப் பணி.
ஒழுக ஒழுக வந்து நின்றாய்,
குருதி கொடுக்க வேண்டுமென்று.
பெயர் ஹெர்மினா. புளியந்தீவு, பறங்கியர் ஒழுங்கை.
வயதுக் கட்டத்தை வெறுமையாய் விட்டிருந்தாய்.

மூன்று இடத்தில் ஊசி ஏற்றினேன்.
ஒரு சொட்டும் வரவில்லை.
"ஒருக்கா கொடுத்துப் பாக்க ஆசையா இருந்திச்சி"
என்றாய், மன்னிப்புக் கேட்கிற குரலில்.
குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக் கதவில்
நான் மட்டும் தெரிந்தேன்,
வெறுங்கதிரை ஒன்றுக்குப் பஞ்சு அழுத்திக்கொண்டு.

பிறகு மாதம் இரண்டு தரம்
முப்பத்தைந்து நாள் கடந்த பைகள்
எரிக்கப் போகாமல்
என் சோற்றுப் பெட்டிக்குக் கீழே வந்தன.
கல்லடிப் பாலத்தடியில்
முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பாய்,
விருந்து வீட்டில் இரண்டாந்தரம் சோறு வாங்கியவள் போல.

சண்டைக் காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன்.
"பட்டினி கிடந்தன்."
தெருவெல்லாம் கிடந்ததே?
"கிடந்திச்சி. ஆரும் தந்ததில்லகா அது."

சுற்றிவளைப்பு இரவொன்றில் உன்னையும் வரிசையில் விட்டார்களாம்.
சாக்குக்குள் இருந்த இரண்டு கண்
உன்னில் வந்து நின்றதாம்.
தலை ஆடவுமில்லை, அசையவுமில்லை.
நீ இருக்கிறாயா என்று
அவனுக்கே தெரியவில்லை.

என் கழுத்தைப் பற்றி நாம் பேசியதில்லை.
டெங்குக் காலம். ஒரு நுளம்பு அங்கே வந்து இருந்தது.
ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு
அதன் வயிறு சிவக்கும் வரை
பார்த்துக்கொண்டே நின்றாய்.
தொட்டவர்கள் யாரும்
என்னை இவ்வளவு தொட்டதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்தவர்கள் இல்லை.
ஆமி சப்பாத்தோடு வந்தது.
பொடியள் பின்கதவால் வந்து சோறு தின்று
அண்ணனைக் கூட்டிப் போனார்கள்.
பிறகு கடல். அதுவும் கேட்கவில்லை.
புகையடிக்கிறவர்கள் முந்தநாள்
சாமியறைக்குள்ளும் அடித்தார்கள்.
இப்போது தரகர். தானே கதிரையை இழுத்துப் போட்டு
மாப்பிள்ளை என்ன குடி என்று சொல்லி,
நம்ம குடிக்குத் தாராளமாய்ச் செய்யலாம் என்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அம்மா முறைத்தாள்.
உன்னை என்ன குடி என்று சொல்வேன்?
குடிக்கிற குடி.

நீ மட்டும்தான்
மூன்று மாதமாய்ப் படலைக்கு வெளியே
"வரலாமா" என்று கேட்டுவிட்டு நிற்கிறாய்.
வா என்றொரு சொல் இல்லாமல்
உன் கால் வாசலைத் தாண்டாதாம்.
சாபம் என்கிறாய்.
எனக்கென்னவோ அது சாபமாய்ப் படவில்லை.

நேற்று உறுதியை எடுத்துப் பார்த்தேன்.
எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்.
நாவற்குடா, பதினொரு பேர்ச், கிணற்றில் பாதி,
என் பெயரில்.
வருகிறவர் இதற்குள் வந்துதான் வாழ வேண்டும்.
வருகிறவர் ஆர் என்று
நொத்தாரிசு எழுதவில்லை.

அம்மா உறங்கிவிட்டாள்.
நுளம்பு வலையைத் தூக்கிக் கட்டுகிறேன்.
முடியை ஒரு பக்கமாய் ஒதுக்கிக்கொண்டு
கதவைத் திறக்கிறேன்.

உள்ளுக்கு வாகா.
கால் துடச்சித்து வா.