சந்தேகத்தின் பேரில்

ஸ்பர்டாங்க் சாலை முனை, இரவு பதினொன்றே முக்கால்.
மூன்று தடுப்புகள், ஒன்றில் நகைக்கடை விளம்பரம்.
முதலில் என் கை எழுந்தது.
அவ்வளவுதான்.
காரணம் பின்னால் வந்தது, மூச்சிரைக்க,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

ஹெல்மெட் இருந்தது. வார் பூட்டியிருந்தது.
ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில்.
கேட்கிற வரிசையிலேயே அடுக்கியிருந்தான்.
இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் அடுக்குகிறவன்
எத்தனை முனைகளில் நின்றிருப்பான் என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உரிமத்தில்: அ. ரூபன், கண்ணிகாபுரம்.
எஸ்.ஐ. கோமதிநாயகத்தின் டார்ச்
பெயரைத் தாண்டி
ஊரில் போய்க் கொஞ்சம் தங்கியது.

"ஊது."
பூஜ்யம்.
கருவிதான் குடித்திருப்பதுபோல் அதைத் தட்டிவிட்டு
"இன்னொருவாட்டி ஊது."
பூஜ்யம்.

"பையைத் தொற."
செய்தித்தாளில் சுற்றிய சுவர்க் கடிகாரம்.
பழுதுபார்த்து வாங்கி வருகிறானாம்.
ஓடிக்கொண்டிருந்தது, பத்து நிமிடம் முந்தி.
அதில் ஏற்கெனவே மறுநாள்.

அதற்குள் ஒரு பெரிய கார்,
கறுப்புக் கண்ணாடி, ஒற்றை விளக்கு,
சிவப்பை மிதித்துக்கொண்டு சேத்துப்பட்டுப் பக்கம் போனது.
நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.
ரூபனையும் சேர்த்தால் நான்கு.

அபராதக் கருவியில் காரணங்கள் வரிசையாக உண்டு.
விரலால் தள்ளித் தள்ளிப் போனேன்:
சிக்னல் மீறல், மூவர் பயணம், எண் பலகைக் குறை…
தடுப்பைப் பார்த்ததும் வேகம் குறைத்தான் என்று ஒன்று
எவ்வளவு தள்ளியும் வரவில்லை.
குறைக்காமல் வந்திருந்தால் வந்திருக்கும்.

"சரி, போ."

அவன் போகவில்லை.
ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டான்:
"இன்னா தப்பு சார்?
சொன்னீங்கன்னா அடுத்தவாட்டி
அத்த சரி பண்ணிகினு வர்றேன்."

நக்கல் இல்லை அதில்.
இருந்திருந்தால் எனக்குச் சுலபம்,
பணி செய்யவிடாமல் தடுத்ததற்குப் பிரிவு இருக்கிறது.
எஸ்.ஐ. போனை எடுத்துப் பார்த்தார்.
நான் அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்,
ஏதாவது ஒன்று,
உடைந்த ஒரு சிவப்பு விளக்காவது இருக்காதா என்று.
பிரேக்கை அழுத்திக் காட்டினான்.
எரிந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
சந்தேகத்தின் பேரில் நிறுத்தி, விசாரித்து அனுப்பப்பட்டது.
பதினாறு வருடமாக எழுதும் வரிதான்.
அன்றைக்கு "பேரில்" என்ற சொல்லில் பேனா நின்றது.
பேர் அவனுடையது.
சந்தேகம் என்னுடையது.
இரண்டையும் ஒரே வரியில் மடித்து
நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டேன்.
நேரம் என் கடிகாரப்படி.

வியாழக்கிழமை மறுபடி வந்தான்.
தூறல். தடுப்புக்கு முப்பதடி முன்பே
இடது விளக்கு மினுக்கி, ஓரம் கட்டி,
ஸ்டாண்டு போட்டு
உறையை எடுத்து நீட்டினான்.

என் கை அப்போது
மழைக்கோட்டுக்குள் இருந்தது.