இரண்டு புள்ளி எட்டு

ஃபுஜைராவில்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
நான் அதிர்வு அளப்பவன்.
நாற்பத்தொரு பம்புகள்.
காந்தக் காலுள்ள கருவியை
ஒவ்வொன்றின் தோளிலும் ஒட்டவைத்து
எண்ணைக் குறித்துக்கொள்வேன்.
நான்கைத் தாண்டினால் போன் அடிக்கும்.
ஏழைத் தாண்டினால்
மேலாளரே ஹெல்மெட் தேடுவார்.
ஏழாம் எண் பம்பு
பதினாறு வருடமாக இரண்டு புள்ளி எட்டு.
அதைப் பற்றி யாரும்
ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சால்ட் ஃபர்னஸ் குழுவை
எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.
முப்பத்தைந்து வருடம், பதினான்கு ஆல்பம்,
ஒன்றுகூட மோசமில்லை.
'ஒன்றுகூட உச்சமும் இல்லையே'
என்பான் அக்னெலோ.
கோவாக்காரன்,
கன்ட்ரோல் ரூமில் என் ஷிப்ட்.
அவன் கொண்டாடும் குழுக்கள் எல்லாம்
மூன்று ஆல்பத்தில் வானத்தைக் கிழித்து
நான்காவதில் வயலின் சேர்த்து
ஐந்தாவதற்குள் கோர்ட்டுக்குப் போனவை.
விழுந்தவனைப் பற்றிப் பேச
விடிய விடிய விஷயம் இருக்கிறது.
நின்றுகொண்டே இருப்பவனைப் பற்றி
என்ன பேசுவது?
நான் வாதாடுவதில்லை.
ஒன்பதாவது ஆல்பத்தின் நாலாவது பாட்டைப் போட்டு
சத்தத்தைக் கூட்டுவேன், அவ்வளவுதான்.

நவம்பரில் துபாய்க்கு வந்தார்கள்.
மலைச்சாலையில் அக்னெலோ ஓட்ட
சுரங்கத்துக்குள் வண்டி நுழையவும்
இரட்டைப் பெடல் உருளவும் சரியாக இருந்தது.
அரங்கில் அறுநூறு பேர் இருந்தால் அதிகம்.
இரானியர், பிலிப்பினோக்கள்,
கந்தூராவுக்கு மேல்
பேட்ச் தைத்த கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பையன்.
டிரம்மருக்கு அறுபத்திரண்டு.
காலடியில் ஐஸ் வாளி,
பாட்டுக்குப் பாட்டு மணிக்கட்டை அதில் முக்கி எடுத்தார்.

முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது.
அரை சுருதி இறக்கியிருந்தார்கள்.
பாடுகிறவரின் தொண்டைக்காக
இரண்டு கிட்டாரும் பேஸும்
அரைப்படி கீழே இறங்கி வந்து நின்றன.
வேறு யாருக்கும் கேட்டிருக்காது.
எனக்கு இது சம்பளம் வாங்கும் காது.
ஒரு சரணம் முழுக்க
ஏமாற்றப்பட்டவனைப் போல நின்றேன்.

பிறகு ஏழாம் எண் பம்பு ஞாபகம் வந்தது.
பேரிங் நான்கு முறை மாற்றியாகிவிட்டது.
ஷாஃப்ட் இரண்டு முறை.
சீல்களுக்குக் கணக்கே இல்லை.
பிறந்தபோது இருந்ததில் மிச்சம்
பெயர்த்தகடும் வெளிக்கூடும்தான்.
எல்லாப் பணியாணையிலும்
என் கையெழுத்து.
எழுதிவிட்டு மறந்துவிட்டு
அது தானாக ஓடுகிறது என்றல்லவா
பெருமை பேசித் திரிந்தேன்.

கடைசிப் பாட்டில் டிரம்மர்
ஐஸைத் தொடவே இல்லை.
நெஞ்செலும்பில் கருவியை வைத்திருந்தால்
முள் உடைந்திருக்கும்.
அக்னெலோ கத்திக்கொண்டிருந்தான்.
திரும்பும்போது
'ரெண்டாவது பாட்டு பரவாயில்லை' என்றான்.

நள்ளிரவு தாண்டி வீட்டுக்குப் போன்.
அங்கே ஒன்றரைக்கும் மேல்.
இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள் பிரமீளா.
'என்ன சாப்ட்ட?'
பத்தொன்பது வருடமாக
இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறாள்.
'ஏன் இப்படிக் கத்துற?' என்றாள் அடுத்து.
காது அடைத்திருப்பதைச் சொன்னேன்.
சிரித்தாள்.
அந்தச் சிரிப்பும் அரைப்படி கீழே இருந்தது.
எந்த வருடம் இறக்கினாள்?
எதற்கு ஈடுகொடுக்க?
பணியாணை எதிலும்
நான் கையெழுத்துப் போட்ட நினைவில்லை.
'வை, நாளைக்குப் பேசலாம்' என்றாள்.
வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்,
லைனில் கரகரப்பு மட்டும்.

காலை ஆறு மணி ஷிப்ட்.
காது இன்னும் ரீங்கரித்தது.
ஏழாம் எண் பம்பின் தோளில்
கருவியை வைத்தேன்.
இரண்டு புள்ளி ஒன்பது.
துணியால் துடைத்து மறுபடி வைத்தேன்.
இரண்டு புள்ளி ஒன்பது.
குறித்துக்கொண்டு
கிரீஸ் எடுத்துவரப் போனேன்.