மூன்று வருடம் தாமதம்

வாங்கியபோது அது வீடு இல்லை,
ரொட்டி வண்டி.
லூகோவில் ஒரு பேக்கரி நொடித்துப்போய்
இரண்டாயிரத்து நூறு யூரோவுக்குத் தள்ளிவிட்டார்கள்.
இரண்டு கோட் வெள்ளை அடித்தும்
பக்கவாட்டில் கோதுமைக் கதிர் தெரிகிறது,
வெயில் சாய்ந்தால் எழுத்தும்.

தரெய்ஷா மெத்தைக்குச் சட்டம் அடித்தாள்.
நான் அடுப்புக்கு ஓர் அலமாரி. அது கோணல்.
தகர இடுக்குகளில் பழைய மாவு கிடந்திருக்கிறது.
கூரை ஒழுகிய முதல் இரவில் பசையாகி
மறுநாள் சூட்டில் புளித்து
தலையணை வரைக்கும் வந்தது,
யாரோ விடியுமுன் வேலைக்குப் போன வாசனை.

நாளுக்குப் பதினாறு யூரோ.
டீசல் அதில் பத்தைத் தின்கிறது.
மிச்சத்தை நாங்கள்.

வெந்நீரும் மின்சாரமும் தரும் முகாமின் பலகையில்
முப்பத்தொன்று என்று படித்து
வேகம் குறைக்காமல் கடந்தோம்.
இந்தக் கரையில் செத்தவர்களுக்குத்தான் நல்ல இடம்:
கடல் பார்த்த கல்லறைகள், சமதளம்,
காற்றை மறிக்கும் மதில்,
பூச்சாடிக்கு ஊற்ற ஒரு குழாய்.
அந்த மதிலோரம் தூங்கினோம்.
அந்தக் குழாயில் உருளைக்கிழங்கு கழுவினோம்.
தரெய்ஷா நோட்டில் எழுதினாள்:
தண்ணீர் 0. கடல் 0. வெங்காயம் 0.60.
நீ குடித்த காபி 1.40.
காபிக்கு மட்டும் அடிக்கோடு.

முஷீயாவுக்கு முந்திய வளைவுகளில் சண்டை,
வேலையை விடச் சொன்னது யார் என்று.
விரலுக்கேற்ற வீக்கம் என்றேன்.
விரலே இல்லையே என்றாள்.
இரண்டாவது கியர் கரகரத்தது.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
நடுவில் கேஸ் சிலிண்டர்.

அப்புறம் அந்த ஊர்.
ஊர் என்றால் ஒன்பது கூரை, ஒரு நிழற்குடை,
அதில் பேருந்து அட்டவணை இருந்த இடத்தில் நத்தைகள்.
சாலை நடுவே ஒரு நாய் படுத்திருந்தது.
ஹாரன் அடித்தேன். அசையவில்லை.
இன்னொரு முறை, நீளமாக.

கதவுகள் திறந்தன.

இரவு உடுப்பின் மேல் கோட்டும்
சிப்பி பொறுக்கும் பூட்ஸுமாய் ஒருத்தி, துணிப்பையோடு.
பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.
பின்னால் இன்னும் மூன்று பேர்.
தானாக ஒரு வரிசை.

"மூன்று வருடம் தாமதம்" என்றாள் பூட்ஸ்காரி.
சிரிக்கவில்லை. எர்மித்தாஸ் என்று யாரோ கூப்பிட்டார்கள்.
"உருண்டை இரண்டு. ஒன்று நன்றாகக் கருகியது."

நான் வாயெடுக்குமுன்
தரெய்ஷா இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.
கசங்கிய மெத்தை. காயும் உள்ளாடை.
நேற்று வாங்கிய ரொட்டியில் பாதி.
எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்,
யாரோ குடியிருக்கும் வீட்டைப் பார்ப்பதுபோல் அல்ல,
சரக்குத் தீர்ந்த கடையைப் பார்ப்பதுபோல.

பாதியை ஐந்தாக அறுத்தாள்.
என்னைக் கேட்கவில்லை.
நுரைக்காரர் இருபது சென்ட் நீட்டினார்,
வேண்டாமென்றதும் கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டோம்.
எர்மித்தாஸ் துண்டை மோந்து பார்த்து
"சூப்பர்மார்க்கெட்" என்றாள்,
நாய்க்குப் போட்டாள்.
நாய் எழுந்து வந்தது.
சாலை காலி.

முஷீயா அலைதாங்கியின் ஓரம்
அன்றிரவு பேச்சில்லை. மத்தி டப்பா ஒன்று,
துடைத்துச் சாப்பிட எதுவுமில்லாமல்.

விழித்தபோது மெத்தையில் நான் மட்டும்.
ஆறு மணி இருட்டில்
அவள் ஒரு பேக்கரியின் பின்வாசலில் நின்றிருந்தாள்,
இரு கையிலும் காகித மூட்டை, கண்ணாடியெல்லாம் ஆவி.
நோட்டில்: ரொட்டி பத்து, 19.
அடிக்கோடு இல்லை.

"டீசலையும் சேர்த்தால் நஷ்டம்" என்றேன்.
"இரண்டு கருகியது வாங்கியிருக்கிறேன்" என்றாள்.

தெற்கே போகவேண்டிய வண்டியை
வந்த வழியே திருப்பினேன்.
பழைய மாவுக்கும் புது ரொட்டிக்கும் நடுவில்
சிலிண்டர் உருண்டது. அவள் காலால் அணைத்துக்கொண்டாள்.
நத்தைகளின் நிழற்குடை.
ஒன்பது கூரை, ஒன்றில் மட்டும் புகை.

நாய் சாலையில் இல்லை.
இருந்தும் ஹாரனில் கை வைத்தேன்.