மாடு செத்த வருஷம்

வெருலம் கோர்ட்டில் எனக்கு நாற்காலி கிடையாது.
துபாஷி நின்றபடிதான் பேச வேண்டும்.
பைபிளைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன்:
கேட்டதைக் கேட்டபடி,
கூட்டாமல், குறைக்காமல்.

கிர்மிட்டு முடிந்தவரைச் சட்டம் 'ஃப்ரீ' என்கிறது.
'விடுபட்டவர்' என்று நான் சொல்லி வருகிறேன்.
தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு,
துரை கேட்டதில்லை.

விடுபட்ட ஆளுக்கு வருஷ வரி மூன்று பவுன்.
பதினாறு தாண்டிய பையனுக்கு மூன்று.
பதின்மூன்று தாண்டிய பெண்ணுக்கும் அதே மூன்று.
முடியாதென்றால் திரும்பக் கரும்புக்குள் போகலாம்,
கப்பலேறலாம்,
யாரும் தடுக்கப் போவதில்லை.

அன்றைக்குக் கூண்டில் தேசம்மா.
செய்யாற்றுப் பக்கத்தவள்,
முழங்கை வரை சோகை கிழித்த கோடுகள்.
பின்னால் மகள் நாகு.
தாயின் சேலையை இரண்டாய் மடித்துக் கட்டியிருந்தாள்,
அதனாலேயே பெரியவளாய்த் தெரிந்தாள்.

"பெண்ணுக்கு என்ன வயது?"

தேசம்மாவிடம் எண் இல்லை.
"மாடுங்க கொத்துக் கொத்தாச் செத்துச்சே,
ஆத்துத் தண்ணியே நாறுச்சே,
அந்த வருஷம் பொறந்தவ."

எனக்குக் கணக்குத் தெரியும்.
மாடு செத்துப் பதினாலு வருஷம்.
குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துக் காத்திருந்தான்.
ஜன்னல் கண்ணாடியில் ஒரு குளவி
வெளிச்சத்தை முட்டி முட்டி விழுந்தது.

"போயர் சண்டை தொடங்கிய வருஷம் என்கிறாள்"
என்றேன், இங்கிலீஷில்.
என் குரல்தான். இடறவில்லை.

துரை விரல் மடித்தார்.
குமாஸ்தா பன்னிரண்டு என்று எழுதினான்.

அத்தனை இங்கிலீஷில் ஒரு சொல்
அவள் காதில் மாட்டிக்கொண்டது.
"போயரா? இல்லீங்க சாமி, மாடு!
போயரு சண்டையப்ப இவ
தத்தக்கா பித்தக்கான்னு நடந்தாளே!"
முகமெல்லாம் நியாயம்.
சத்தியம் செய்தவன் நான், காப்பாற்றுகிறவள் அவள்.

"என்ன சொல்கிறாள்?"
"துரைக்கு நமஸ்காரம் சொல்கிறாள்."

மகளுக்கு விடுதலை.
தாய்க்கு மாதம் பத்து ஷில்லிங்,
தவறினால் ஜெயில்.
ரேகை வைத்த விரலைச் சுவரில் துடைத்துவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
காது மந்தமானவனைப் பார்ப்பது போல,
கொஞ்சம் இரக்கத்தோடு.

அடுத்த வருஷம் நாகுவுக்குச்
சட்டப்படி பதின்மூன்று ஆகும்.
அதுவரைக்கும்
தான் பிறக்காத வருஷத்தின் பெயரில்
படியிறங்கிப் போகிறாள்,
தாயின் சேலை காலில் தடுக்கத் தடுக்க.