துபாஷிக்குப் படி எழுநூறு

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில்
சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான்.
தமிழ் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஹார்பர் லைனில் கடைசி ரயில் போன பிறகு
ஜீப் வந்தது.

ரசீதில் மராத்தியில் என் பதவி: துபாஷி.
நாளொன்றுக்கு எழுநூறு, தேநீர் தனி.

அறையில் ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது.
மாவு மில்லில் அறுத்து வந்த பெல்ட் ஒன்று
நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது.
அவன் முகம் தெரியாதபடி எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.
உங்களுக்குக் காது போதும் என்றார் நிம்பால்கர்.
மரியாதையானவர். மகளுக்கு மறுநாள் பரீட்சை என்று
இரண்டு முறை வெளியே போய்
போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

கேள்வி இந்தியில் புறப்பட்டு
என் வாயில் தமிழாகிச் சுவர்ப்பக்கம் போகும்.
பதில் வர நேரமாகும்.
இடையில் வருகிற சத்தத்துக்கு மொழி இல்லை,
நான் செய்ய ஒன்றுமில்லை.
அந்த நேரம் எனக்கு ஓய்வு.
கூசாமல்தான் எழுதுகிறேன்: ஓய்வு.

மீரான் கனி. மேலப்பாளையம்.
குர்லாவில் சூட்கேஸுக்குச் சக்கரம் மாட்டுகிறவன்.
யாரோ வாங்கிப்போன பெட்டிக்குள்
யார் என்ன வைத்தார்கள் என்று கேட்டார்கள்.
சக்கரம்தான் சார் எனக்குத் தெரியும் என்றான்.
சொன்னேன்.
சக்கரம்தான் என்றான்.
மறுபடி சொன்னேன்.
மூன்றாம் தடவை நான் வாய் திறக்குமுன்னே
தமிழ் புரிந்தவர்கள் மாதிரி
பெல்ட்டை எடுத்தார்கள்.

விடியப்போகும் நேரம்
அவனிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.
உம்மா.
உம்மா, யா ரப்பே, என் உம்மா.

பேனா நிமிர்ந்தது.
உம்மா? உலகம் முழுக்க இருக்கிற அந்த உம்மத்தா?
நிம்பால்கர் இரண்டு கையையும் அகல விரித்தார்.
இல்லை சார், அம்மா.
அவர்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
நீ அம்மா என்கிறாய், அவன் உம்மா என்கிறான்,
இரண்டும் தமிழ் என்றால்
எதற்கு இரண்டு?

அகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே
மூன்றே எழுத்து, சார்.
இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று
நான் தேடிக்கொண்டிருக்கையில் எழுதி முடித்தார்கள்.
ஒன்பதாம் பக்கம்:
சர்வதேச அமைப்பின் பெயரை
எதிரி தானாகவே பலமுறை சொன்னார்.

தேநீர் வந்தது. இஞ்சி தட்டிப் போட்டது.
நன்றாக இருந்தது.

மொத்தம் பதினாலு பக்கம்.
தமிழில் படித்துக் காட்டினேன், சரி என்றார், என்று
ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து.
படித்துக் காட்டவில்லை.
கேட்க அவனுக்கு
இடது காது மட்டும் மிச்சமிருந்தது.

ஆறு வருடம் கழித்துச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
கோர்ட் வராந்தாவில்
நாகர்கோவில் வண்டியின் அழுக்கு இன்னும் போகாத
வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி
என் தமிழ் முகத்தைக் கண்டுபிடித்துக் கிட்டே வந்தாள்.

நீங்கதானா வாப்பா,
எம்புள்ள பேசுனத எடுத்துச் சொன்னது?
அன்னைக்கு என்ன சொன்னான்?

அவளுக்கும் எனக்கும் இடையில்
துபாஷி வேண்டாம்.

டவாலி என் பெயரைக் கூப்பிடுகிறானா என்று
கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.