உள்தாழ்ப்பாள்

கோப்பில் அந்த அறைக்கு மூன்று வயது.
சமவாய்ப்பு மையம் என்று நீலப் பலகை,
அடியில் திறப்புவிழாத் தேதி.
உள்ளே உடைந்த பிப்பெட்டுகள்,
வலை கிழிந்த கேரம் போர்டு,
என்றோ யாருக்கோ கட்டிய தோரணத்தின் மிச்சம்.

ஆய்வுக் குழு வந்த அன்றுதான் பூட்டுத் திறந்தது.
பிரின்சிபல் அறையிலிருந்து நாலு நாற்காலி வந்தது.
பூஜாடி வந்தது.
எங்களையும் வரவழைத்தார்கள்.
பர்தாவில் ஒருத்தி,
காசிமேட்டுப் படகுக்காரர் மகள் ஒருத்தி,
வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும்
தனக்கென்று ஒரு பெயரும் வைத்திருக்கும் ஒருத்தி,
அப்புறம் நான்.
என்னை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.
ஸ்காலர்ஷிப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள்.
"சிரிச்ச மாதிரி உக்காருங்கம்மா."
உட்கார்ந்தோம்.
போட்டோவில் நன்றாகத்தான் வந்திருக்கிறோம்.

நாலு மணிக்கு நாற்காலிகள் திரும்பிப் போயின,
பூஜாடியும்.
சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை.
வாட்ச்மேன் துளுக்காணம் அதை
டீ கிளாசுக்குள் போட்டு வைத்திருந்தார்.
"யார் எத்துனு போனாங்கன்னு எனக்கின்னா தெரியும்"
என்று கிளாசை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு
கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நின்று
வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியடைத் தொலைப்பவள் நான்.
எந்த ஏரியா என்றால் பெரம்பூர் பக்கம் என்பேன்.
அந்த அறையில் ஷமீலா கேட்டபோதும்
வாய் தானாகப் பெரம்பூர் என்றது.
"பெரம்பூர்ல எங்க?"
"...கேட்டுக்கு இந்தாண்ட."
அவள் சிரிக்கவில்லை.
"என்கிட்ட எல்லாரும் பிரியாணி கேக்குறாங்க.
எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது" என்றாள்.

ஜெனோவா வகுப்பில்
டப்பா மூடியைப் பாதி திறந்து
மூச்சு விடாமல் தின்று முடிப்பவள்.
இங்கே மூடி தனியே மல்லாந்து கிடந்தது.
சுறாப்புட்டு. அறையெல்லாம் பூண்டு வாசனை.

இதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன்.
தமிழ்ச்சுடர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது
என் மரப்பெட்டியை நகர்த்தியது நான்தான்.
அரை அடி இருக்கும்.
தரையில் அது கீச்சிட்டது.
அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்,
ஆறாம் வகுப்பிலிருந்து,
நகராமல் உட்கார்ந்திருந்தவளாக.

மறுநாள் அவள் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நின்றுகொண்டே தின்பதைப் பார்த்தேன்.
"வா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.
மென்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்:
"அந்த ரூமுக்கு உள்ளாண்ட தாழ்ப்பா இருக்கா?"

இல்லை.
ஸ்டோர் ரூமுக்கு எவன் வைப்பான் உள்தாழ்ப்பாள்?
விண்ணப்பம் எழுதினோம்.
ஃபேன் கேட்கவில்லை, நாற்காலி கேட்கவில்லை.
ஆபீசில் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கேட்டார்கள்:
"உள்ள பூட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

மூலக்கொத்தளம் ஹார்டுவேர் கடையில் அறுபத்தைந்து ரூபாய்.
தலைக்குப் பதினைந்து.
மிச்சம் ஐந்து டீ கிளாசில் இருந்தது.
அப்பாவின் எஞ்சின் பெட்டியிலிருந்து
கிரீஸ் ஒட்டிய ஸ்க்ரூடிரைவர் கொண்டு வந்தாள் ஜெனோவா.
மூன்று திருகாணி ஏறியது.
நாலாவது ஓட்டையில் மரம் உளுத்திருந்தது.

தமிழ்ச்சுடர் தாழிட்டாள். திறந்தாள்.
மறுபடி தாழிட்டாள்.
கதவில் முதுகைச் சாய்த்து
கொண்டையை அவிழ்த்து மெல்ல முடிந்தாள்.
நான் பெட்டியை இழுத்துப் போட்டேன்.
அதே சத்தம்தான்.

அப்போது கதவு தட்டப்பட்டது.
கையில் சோற்றோடு நால்வரும் அப்படியே இருந்தோம்.
ஷமீலாதான் கேட்டாள்: "யாரு?"
அந்தக் கேள்வியை
நாங்கள் கேட்பது அதுதான் முதல் தடவை.

வெளியே சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு முதல் வருஷக் குரல் ஒன்று,
தொண்டையைச் செருமிக்கொண்டு:
"இது... அந்த ரூமுங்களா?"